காரோ-கான் டிஃபென்ஸில் எச்6 எப்போது? 1997-ன் கடைசி ஆட்டத்தை எப்படிப் படிப்பது

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆன்லைனில் சதுரங்கம் ஆடுகிறீர்கள், ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1300 பக்கம். கருப்புக்காய் வந்தால் காரோ-கான், அதாவது வெள்ளையின் இ4-க்கு சி6 என்று பதில் சொல்லும் தொடக்கம். உலக சாம்பியன் காஸ்பரோவ் டீப் புளூ கணினியிடம் இதே டிஃபென்ஸில் 19 நகர்த்தலில் தோற்ற ஆட்டத்தை இன்ஜினில் (நகர்த்தல்களை எடைபோடும் சதுரங்க மென்பொருள்) ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். ஏழாவது நகர்த்தலான எச்6 (எச் வரிசைச் சிப்பாயை எச்6 கட்டத்துக்குத் தள்ளுவது) தவறு என்று இன்ஜின் சிவப்பில் காட்டியது. அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. "உலக சாம்பியனே நொறுங்கிய டிஃபென்ஸை நான் ஏன் ஆட வேண்டும்?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். தவறு எது என்று இன்ஜின் சொல்லிவிட்டது, ஏன் தவறு என்று சொல்லவில்லை. அந்த 'ஏன்' உங்கள் கைக்கு எப்படி வரும்? அதற்குத்தான் இந்தப் பதில். டிஃபென்ஸை விடலாமா என்பதையும் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஆடியிருக்கிறேன், வாரக்கடைசிகளில் பிள்ளைகளுக்குப் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன், காரோ-கான்தான் என் சொந்த ஆயுதமும். பட்டம் எதுவும் கிடையாது. ஆகவே கீழே வருவதில் நீங்களே பலகையில் வைத்துச் சரிபார்க்கக்கூடிய விஷயங்களை உறுதியாகச் சொல்வேன். கருத்து என்று வரும் இடத்தில் கருத்து என்றே சொல்வேன்.

ஆட்டம் நடந்தது 1997 மே 11, நியூயார்க். ஆறு ஆட்டப் போட்டியில் ஐந்து முடிந்து இருவரும் இரண்டரைப் புள்ளியில் சமமாக இருந்தார்கள். முதல் ஆட்டம் காஸ்பரோவுக்கு, இரண்டாவது கணினிக்கு, அடுத்த மூன்றும் டிரா. கடைசி ஆட்டத்தில் வெள்ளைக்காய் கணினிக்கு. இனி எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கருப்பின் நகர்த்தல், ஆச்சரியக்குறி இருந்தால் நல்ல நகர்த்தல். தொடக்கம் இப்படிப் போனது: 1. இ4 சி6 2. டி4 டி5 3. குதிரை சி3, கருப்பு இ4 சிப்பாயை வெட்டுகிறது, 4. குதிரை திருப்பி வெட்டுகிறது. இந்த இடத்தில் கருப்புக்கு இரண்டு பெரிய பாதைகள். பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவருவது பழைய பாதை. காஸ்பரோவ் எடுத்தது முன்னாள் உலக சாம்பியன் கார்போவ் பெயரோடு ஒட்டிக்கொண்ட மற்றப் பாதை: 4...குதிரை டி7. நோக்கம் எளிது. அடுத்து மற்றக் குதிரை எஃப்6 வரும், வெள்ளை அதை வெட்டினால் டி7 குதிரை திருப்பி வெட்டும், சிப்பாய் வரிசை கெடாது. அதற்கு விலை, சி8 பிஷப் சிறிது நேரம் அடைபட்டுக் கிடக்கும்.

கணினியின் ஐந்தாவது நகர்த்தல் குதிரை ஜி5. தொடக்கத்திலேயே ஒரே குதிரையை மூன்றாம் முறை நகர்த்துவது பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் விதிக்கு எதிரானதுதான். ஆனால் அது எஃப்7, இ6 என்ற இரண்டு கட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறது, எஃப்6-இல் நடக்கவேண்டிய பரிமாற்றத்தையும் தவிர்க்கிறது. 5...குதிரை எஃப்6 6. பிஷப் டி3 இ6 7. மற்றக் குதிரை எஃப்3. இங்கேதான் காஸ்பரோவ் 7...எச்6 என்று சிப்பாயைத் தள்ளினார்.

ஜி5-இல் உட்கார்ந்திருக்கும் குதிரையைப் பார்த்ததும் எச்6 தள்ளத் தோன்றாத ஆள் இல்லை. என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் கை அங்கேதான் போகும். அதனால் இந்த ஆட்டத்தைப் படிக்க நான் வைத்திருக்கும் வழி, எச்6 என்ற ஒரே நகர்த்தலை நான்கு வெவ்வேறு தருணங்களில் வைத்துப் பார்ப்பது. பலகையை எடுத்து வையுங்கள். திரையை விடப் பலகை நல்லது.

முதல் தருணம், ஐந்தாவது நகர்த்தல். 5. குதிரை ஜி5 வந்த உடனே 5...எச்6 தள்ளினால்? வெள்ளை 6. குதிரை இ6! என்று நேராக ராணியைத் தாக்கும். எஃப் சிப்பாயால் குதிரையை வெட்டினால் 7. ராணி எச்5 செக், ஜி6 வைத்து மறைத்தால் 8. ராணி ஜி6-ஐ வெட்டி செக்மேட். வெட்டாமல் ராணியை ஒதுக்கினால் அந்தக் குதிரை எஃப்8 பிஷப்பை எடுத்துக்கொண்டு போகும், இரண்டு பிஷப்புகளும் வெள்ளையிடம் மட்டும் இருக்கும்.

இரண்டாம் தருணம், ஆறாவது நகர்த்தல். 5...குதிரை எஃப்6 6. பிஷப் டி3 ஆன பிறகு 6...எச்6 தள்ளினால்? மறுபடி 7. குதிரை இ6. எஃப் சிப்பாயால் வெட்டினால் 8. பிஷப் ஜி6, அதோடு செக்மேட். ராஜாவைச் சுற்றிப் பாருங்கள்: டி8-இல் ராணி, டி7-இல் குதிரை, இ7-இல் சிப்பாய், எஃப்8-இல் பிஷப், எஃப்7-ஐ வெள்ளை பிஷப் காக்கிறது. தன் சொந்தப் படையாலேயே மூச்சு முட்டிப் போகிறார் ராஜா.

இரண்டு மேட்டும் ஜி6 கட்டத்தில்தான் நடக்கின்றன. கவனித்தீர்களா? எச்7-இல் இருக்கும் சிப்பாய்தான் ஜி6-க்குக் காவல். அது எச்6-க்கு நகர்ந்த கணத்தில் ஜி6 அநாதையாகிறது. குதிரையைத் துரத்துவது நம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஜி6-ஐக் காப்பது தெரியாத வேலை. தெரியாத வேலையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஆட்டம் முழுவதும்.

மூன்றாம் தருணம், காஸ்பரோவ் ஆடிய ஏழாவது நகர்த்தல். இப்போது இ சிப்பாய் இ6-க்கு வந்துவிட்டது. அதனால் இரண்டு மாற்றங்கள். ஒன்று, குதிரை இ6-க்கு வர வேண்டுமென்றால் சிப்பாயை வெட்டிக்கொண்டு வர வேண்டும். இன்னொன்று, இ7 காலியாக இருப்பதால் பிஷப் ஜி6 வந்தாலும் உடனடி மேட் கிடையாது, ராஜா இ7-க்கு நழுவலாம். நழுவலாம், ஆனால் எங்கே? எஃப்8 பிஷப்புக்கும் டி8 ராணிக்கும் குறுக்கே. பிஷப் வெளியே வர வழி அடைபடும், பிஷப் வராவிட்டால் எச்8 யானையும் (ரூக்) வராது. மேட் இல்லை, ஆனால் பாதிப் படை தூங்குகிறது.

நான்காம் தருணம், எட்டாவது நகர்த்தல். மாஸ்டர்கள் வழக்கமாக ஆடுவது 7...பிஷப் டி6. வெள்ளை 8. ராணி இ2. இப்போது 8...எச்6! இங்கே அது நல்ல நகர்த்தல் மட்டுமில்லை, வேண்டிய நகர்த்தலும்கூட. ஏனென்றால் வெள்ளை 9. குதிரை எஃப்7-ஐ வெட்டும் மிரட்டலில் இருக்கிறது. ராஜா திருப்பி வெட்டினால் மற்றக் குதிரை ஜி5 செக், ராஜா ஜி8 ஒதுங்கினால் ராணி இ6-ஐ வெட்டி செக், ராஜா எஃப்8, ராணி எஃப்7 செக்மேட். சரி, எச்6 தள்ளிய பிறகு வெள்ளை இங்கேயும் இ6-இல் குதிரையைப் பலி கொடுக்கலாமே? கொடுக்கலாம். ஆனால் பிஷப் ஜி6 செக் வரும்போது ராஜா இ7 போனால் இந்த முறை யாருடைய வழியையும் அவ்வளவாக அடைக்கவில்லை. பிஷப் ஏற்கெனவே டி6-இல் வெளியே நிற்கிறது, எஃப்4 கட்டத்தையும் பார்க்கிறது, வெள்ளையின் கருப்புக்கட்ட பிஷப் அங்கே சும்மா வந்து உட்கார முடியாது. பலியின் மதிப்பு பாதியாகிவிடுகிறது. அதனால்தான் வெள்ளை வழக்கமாக 9. குதிரை இ4 என்று பின்வாங்குகிறது.

ஆக, ஏழுக்கும் எட்டுக்கும் இடையே கருப்பின் பக்கம் மாறியது ஒரே ஒரு காய், எஃப்8-இலிருந்து டி6-க்கு வந்த பிஷப். இன்ஜின் காட்டிய சிவப்பு நிறத்துக்குப் பின்னால் இருக்கும் 'ஏன்' இவ்வளவுதான். இதை நீங்கள் பலகையில் வைத்து ஒருமுறை கண்டுவிட்டால் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். 8. குதிரை இ6-ஐ வெட்டியது. காஸ்பரோவ் உடனே குதிரையை எடுக்காமல் 8...ராணி இ7 ஆடினார். இ1-இல் வெள்ளை ராஜா நிற்பதால் இ6 குதிரை கட்டுண்டு நிற்கும் (நகர்ந்தால் தன் ராஜாவுக்கே செக் விழும்) என்பது எண்ணம். வெள்ளை 9. காஸ்லிங் (ராஜாவை யானைப் பக்கம் ஒதுக்கும் சிறப்பு நகர்த்தல்) செய்து கட்டை அவிழ்த்துவிட்டது. 9...எஃப் சிப்பாய் இ6-ஐ வெட்ட, 10. பிஷப் ஜி6 செக், ராஜா டி8. என் கருத்தில், எச்6-க்கு அடுத்து ஆட்டத்தை அதிகம் கெடுத்தது இந்த ராணி இ7தான். ராஜாவுக்காகக் காலியாக இருந்த ஒரே கட்டத்தில் ராணியே போய் உட்கார்ந்துகொண்டது. 8...எஃப் சிப்பாயால் வெட்டி, 9. பிஷப் ஜி6 செக், ராஜா இ7 என்று போயிருந்தால் பிறகு ராணி சி7, ராஜா டி8 என்று மெதுவாக அவிழ்த்துப் பார்க்கலாம். அதுவும் கஷ்டமான நிலைதான். இன்ஜின்கள் அங்கேயும் வெள்ளைக்கே சாதகம் தருகின்றன. ஆனால் மூச்சுவிட இடம் இருக்கிறது.

11. பிஷப் எஃப்4 வந்ததும் சி7 கட்டம் போச்சு, ராஜா அந்தப் பக்கம் நகர முடியாது. இந்த இடத்தில் நிறுத்தி எண்ணுங்கள். வெள்ளை காஸ்லிங் முடித்துவிட்டது, இரண்டு பிஷப்பும் குதிரையும் வெளியே, யானை ஒரு நகர்த்தலில் இ1-க்கு வந்துவிடும். கருப்புக்கு இரண்டு யானை, இரண்டு பிஷப் எல்லாம் பிறந்த இடத்திலேயே. ஒரு குதிரைக்கு வெள்ளை வாங்கியது ஒரு சிப்பாயும் இந்த நேரமும். இங்கே காஸ்பரோவ் 11...பி5 தள்ளினார். குதிரையை டி5-இல் உட்கார வைக்கும்போது வெள்ளை சி4 தள்ளித் துரத்தக்கூடாது என்பதுதான் நோக்கமாக இருக்க முடியும். நோக்கம் நியாயமானது, ஆனால் ராஜா நிற்கும் பக்கத்திலேயே சிப்பாயை முன்னால் தள்ளினால் எதிராளிக்குக் கொக்கி கிடைத்துவிடும். 12. ஏ4! ஏ1 யானை நகராமலேயே ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. 12...பிஷப் பி7 13. யானை இ1 குதிரை டி5 14. பிஷப் ஜி3 ராஜா சி8 15. ஏ சிப்பாய் பி5-ஐ வெட்ட, சி சிப்பாய் திருப்பி வெட்டுகிறது, 16. ராணி டி3 பிஷப் சி6.

அடுத்தது 17. பிஷப் எஃப்5! எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த நகர்த்தல். பலி கொடுத்த எட்டாவது நகர்த்தலைவிட இதுதான் அழகு. இ6 சிப்பாய்தான் இ கோட்டில் ராணிக்கும் இ1 யானைக்கும் நடுவே நிற்கும் ஒரே தடுப்பு. பிஷப் அந்தத் தடுப்பையே தாக்குகிறது. சும்மா விட்டால் இ6 விழும், எடுத்தால் கோடு திறக்கும். காஸ்பரோவ் எடுத்தார். 17...இ சிப்பாய் எஃப்5-ஐ வெட்ட, 18. யானை ராணியை வெட்டியது, பிஷப் யானையை வெட்டியது. 19. சி4. காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் சொச்சம்.

கடைசி நிலையைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். வெள்ளையிடம் ராணி, யானை, பிஷப், குதிரை, ஆறு சிப்பாய்கள். கருப்பிடம் இரண்டு யானை, இரண்டு பிஷப், இரண்டு குதிரை, ஐந்து சிப்பாய்கள். பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் புள்ளிக் கணக்கில் (ராணி 9, யானை 5, பிஷப்பும் குதிரையும் 3, சிப்பாய் 1) வெள்ளைக்கு 26, கருப்புக்கு 27! காய்க் கணக்கில் கருப்பு பின்தங்கவே இல்லை. அப்புறம் ஏன் விட்டுக்கொடுத்தார்? சி4 சிப்பாய் பி5-ஐயும் டி5-ஐயும் ஒரே நேரத்தில் இடிக்கிறது. பி5 சிப்பாய் அதை வெட்டினால் வெள்ளை ராணி சி4-க்கு வந்து சி கோட்டில் சி6 பிஷப்பையும் அதன் பின்னால் இருக்கும் ராஜாவையும் நேராகப் பார்க்கும். டி5 குதிரை பி4-க்கு ஒதுங்கினால் ராணி எஃப்5-ஐ வெட்டி டி7 குதிரையை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போடும். ஏ7-ஐ ஏ1 யானை பார்த்துக்கொண்டே இருக்கிறது. இன்ஜினில் போட்டால் வெள்ளை தெளிவாக ஜெயிக்கும் நிலை என்றே வரும். ஆனால் அது நாலு நகர்த்தலில் மேட் ஆகும் நிலை இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இழுத்திருக்கலாமா என்று கேட்டால், மனித எதிராளியிடம் நான் இழுத்திருப்பேன். அந்த இயந்திரம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளைப் பார்க்கும். அதனிடம் திறந்து கிடக்கும் ராஜாவை வைத்துக்கொண்டு தப்பிக்க முடியும் என்று அவர் நம்பவில்லை போலும். உங்களுக்கான விஷயம் வேறு: புள்ளிக் கணக்கு சமமாக இருக்கும்போதே ஒரு நிலை தோற்றுப்போயிருக்கலாம். 1300-இலிருந்து 1600-க்குப் போகும் வழியில் கண் பழக வேண்டிய முக்கியமான விஷயம் இது.

இப்போது இந்த ஆட்டத்தைச் சுற்றி எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துவிடலாம், ஏனென்றால் இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கிறது. "கணினி குதிரையைப் பலி கொடுத்து மேதைமை காட்டியது" என்று எழுதுவார்கள். எட்டாவது நகர்த்தல் கணினி யோசித்துக் கண்டுபிடித்தது கிடையாது, அதற்கு முன்கூட்டியே ஏற்றியிருந்த ஓப்பனிங் (தொடக்க நகர்த்தல்கள்) தொகுப்பிலிருந்து வந்தது. அந்தத் தொகுப்பைத் தயாரிக்க ஜோயல் பெஞ்சமின் முதலான கிராண்ட்மாஸ்டர்கள் உதவினார்கள். அந்தக் குழுவில் இருந்த ஸ்பெயின் கிராண்ட்மாஸ்டர் மிகேல் இல்லெஸ்காஸ், பல வருடம் கழித்துக் கொடுத்த பேட்டியில், ஆட்ட நாள் காலையில்தான் அதைச் சேர்த்தோம் என்று சொன்னார். பலியும் புதிது கிடையாது. அதற்கு முன்பே மாஸ்டர் ஆட்டங்களில் வந்திருந்தது. இவ்வளவும் உறுதி. தொகுப்பு முடிந்த பிறகு வந்த நகர்த்தல்கள் கணினியின் சொந்தக் கணக்கு, அவை சிறப்பானவை என்பதிலும் சந்தேகமில்லை.

காஸ்பரோவ் ஏன் எச்6 தள்ளினார் என்பது அப்படி உறுதியானதல்ல. இரண்டு விளக்கங்கள் சுற்றுகின்றன. ஒன்று, பிஷப் டி6 முதலில், எச்6 அடுத்து என்ற வரிசையை அவர் குழப்பிக்கொண்டார் என்பது. இன்னொன்று, கையில் வரும் காய்க்கு ஆசைப்படும் கணினி குதிரையைப் பலி கொடுக்காது, பின்வாங்கத்தான் செய்யும் என்று தெரிந்தே பந்தயம் கட்டினார் என்பது. அன்றைய கணினிகளின் குணத்தைப் பார்த்தால் இரண்டாவது நம்பக்கூடியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நகர்த்தல்களை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. படிக்கிறவருக்கு இது தேவையும் இல்லை. இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் ஜி6 காவலற்றுப் போனது மாறாது.

இன்ஜின் தரும் எண்ணைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 7...எச்6-க்குப் பிறகு வெள்ளைக்குப் பெரிய சாதகம் என்று எல்லா நல்ல இன்ஜினும் சொல்லும். ஆனால் உங்கள் கைப்பேசி காட்டும் எண்ணும் என் கணினி காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்காது. எந்த இன்ஜின், எவ்வளவு நேரம் யோசித்தது என்பதைப் பொறுத்து மாறும். திசையை நம்புங்கள், தசம புள்ளியை நம்பாதீர்கள். 1300 அளவில் இந்த நிலையிலிருந்து கருப்பு ஜெயித்த ஆட்டங்களும் ஏராளமாக இருக்கும், ஏனென்றால் பலி கொடுத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று வெள்ளைக்கும் தெரிய வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆட்டத்தைப் பலகையில் வைத்து, ஏழாவது நகர்த்தலிலிருந்து வெள்ளையின் ஒவ்வொரு நகர்த்தலையும் ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, நீங்கள் என்ன ஆடுவீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். நகர்த்தலை மட்டும் எழுதினால் போதாது, காரணத்தை ஒரு வரியாவது எழுத வேண்டும். "11. பிஷப் எஃப்4: சி7-ஐ எடுத்துக்கொள்கிறது" என்கிற மாதிரி. தோற்ற ஆட்டத்தைத் தோற்றவர் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதுதான் எல்லோர் வழக்கமும். நீங்கள் காரோ-கான் ஆடுகிறவர் என்பதால் இதை வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து முதலில் பாருங்கள். எதிராளிக்கு எது இனிக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் கொடுக்கக்கூடாது என்று தெரியும்.

பிறகு ஒரு நண்பரைப் பிடித்து, 8. குதிரை இ6-ஐ வெட்டிய நிலையிலிருந்து பக்கத்துக்குப் பத்து நிமிடம் வைத்து ஆடுங்கள். ஒருமுறை நீங்கள் வெள்ளை, ஒருமுறை கருப்பு. கருப்பாக ஆடும்போது 8...எஃப் சிப்பாயால் வெட்டி ராஜா இ7 போகும் வழியை முயன்று பாருங்கள். நண்பர் இல்லையென்றால் செயலியில் இன்ஜினின் பலத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு சுவாரசியமாக இருக்காது. இத்தனையும் ஆன பிறகு இன்ஜினைத் திறந்து, நீங்கள் எழுதிய காரணங்கள் எங்கே பொய்த்தன என்று மட்டும் பாருங்கள். நகர்த்தல் ஒத்துப்போனதா என்பது இரண்டாம்பட்சம். இன்ஜினை முதலிலேயே திறந்துவிட்டால் கண் பச்சை, சிவப்பு நிறத்துக்குப் பழகிவிடும். பலகைக்குப் பழகாது.

இதோடு நிறுத்தாமல் சரியான வரிசையில் போன ஒரு ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது அவசியம். 1993-இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் கிராண்ட்மாஸ்டர் கம்ஸ்கிக்கு எதிராகக் கார்போவ் ஆடியதைச் சொல்வேன். 7...பிஷப் டி6 8. ராணி இ2 எச்6 9. குதிரை இ4, குதிரைகள் பரிமாறி வெள்ளை ராணி இ4-இல் நிற்கிறது, 10...குதிரை எஃப்6 11. ராணி எச்4. இங்கே கார்போவ் அமைதியாக 11...ராஜா இ7! என்று நகர்த்தினார். காஸ்லிங் உரிமையைத் தானே தூக்கி எறிவது பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் ராஜா இ8-ஐ விட்டு நகர்ந்ததும் டி8 ராணி எச்8 யானையைக் காக்கிறது. அதனால் அடுத்து ஜி5 தள்ளும் மிரட்டல் உண்மையாகிறது. வெள்ளை பிஷப்பால் ஜி5-ஐ வெட்டினால் எச் சிப்பாய் திருப்பி வெட்டும், வெள்ளை ராணி எச்8-ஐ எடுத்தால் கருப்பு ராணி அதை எடுக்கும். 1997 ஆட்டத்தில் இ7-இல் ராணி போய் அமர்ந்து படையை அடைத்தது. இங்கே அதே இ7-க்கு ராஜா போய்ப் படையைத் திறந்துவிடுகிறார். இந்த இரண்டு ஆட்டத்தையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

டிஃபென்ஸை விட்டுவிடலாமா என்றால், இந்த ஒரு ஆட்டத்தை வைத்து விட வேண்டாம். ஹொரேஷியோ காரோவும் மார்கஸ் கானும் 1880-களில் ஆராய்ந்த வழி இது. கபபிளாங்கா, போட்வின்னிக், பெத்ரோசியன், கார்போவ் என்று எத்தனையோ உலக சாம்பியன்கள் நம்பி ஆடியிருக்கிறார்கள். 2013-இல் சென்னையில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில் ஆனந்துக்கு எதிராகக் கார்ல்சன் ஆடியதும் காரோ-கான்தான். அவர் 4...பிஷப் எஃப்5 பாதையில் போனார், 25 நகர்த்தலில் டிரா. 1997-இல் உடைந்தது டிஃபென்ஸ் இல்லை, அதன் ஒரு கிளையில் ஒரு வரிசை. குதிரை டி7 பாதையில் இந்த ஜி5 தலைவலி பிடிக்கவில்லையென்றால் நீங்களும் பிஷப் எஃப்5-க்கு மாறிக்கொள்ளலாம். அங்கே பிஷப் முதலிலேயே வெளியே வந்துவிடுவதால் ஆட்டம் புரிந்துகொள்ள எளிது என்பது என் அனுபவம். ஆனால் அது ருசியைப் பொறுத்தது, வாதிட மாட்டேன்.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில் மட்டும் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்வேன். உங்கள் ரேட்டிங்கில் 5. குதிரை ஜி5 அரிதாகத்தான் வரும். பெரும்பாலானவர்கள் மூன்றாவது நகர்த்தலில் இ5 தள்ளுவார்கள், அல்லது டி5-இல் பரிமாறிவிடுவார்கள். படிக்கும் நேரத்தில் பெரும்பங்கு அவற்றுக்குப் போகட்டும். 4...குதிரை டி7 ஆடுவதாக இருந்தால் இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஐந்தாவது நகர்த்தலில் வெள்ளை ராணி இ2-க்கு வந்தால் பழக்கதோஷத்தில் குதிரையை எஃப்6-க்கு நகர்த்திவிடாதீர்கள். 6. குதிரை டி6, செக்மேட். இ7 சிப்பாய் ராணியால் கட்டுண்டு கிடப்பதால் குதிரையை வெட்ட முடியாது. ஆன்லைன் வேக ஆட்டங்களில் இதற்காகவே காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். ராணி இ2 வந்தால் முதலில் 5...இ6 தள்ளுங்கள், குதிரை அடுத்து வரலாம்.